இஸ்பேட் ஆஸ் பட்டாளம்

ஜம்முவிலிருந்து அக்னூர், நௌஷேரா வழியாக ரஜௌரிக்கும் பூஞ்சுக்கும் ஏறுகிற சாலையில் ராணுவ லாரிகளைப் பார்த்தால் சீட்டுக்கட்டின் இஸ்பேட் ஆஸ் கண்ணில் படும். 25-வது காலாட்படை டிவிஷனின் குறி அது. நான் அந்த டிவிஷனில் ஏ.எஸ்.சி.க்காரனாக வேலை பார்த்தவன். பட்டாளத்துக்கு அரிசி, ஆட்டா, டீசல் தொடங்கி உயிர் ஆடு வரை கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு அது. சொந்த ஊர் குந்தாரப்பள்ளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பெரிய ரோட்டில், வேப்பனப்பள்ளிக்குப் பிரிகிற கூட்ரோடு.

அந்தக் குறி முதன்முதலில் ஒரு சிப்பாயின் தோளில் ஏறியது எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் பெங்களூரில். அந்தப் பட்டாளத்தைத் திரட்டியதே தென்னிந்தியாவைக் காப்பதற்காக. எங்கள் ஊரைக் காக்கப் பிறந்த ஒரு பெயரை, எங்கள் ஊர்க்காரன் ஒருவன் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தோளில் சுமந்தபோது, அவனுக்கு அது தெரியாது. பென்ஷன் வாங்கி வீட்டுக்கு வந்து, பழைய போர் வரலாறுகளைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதியும் வைத்துவிட வேண்டும்.

டிவிஷன் என்றால் எங்கள் ஊரில் ரயில்வே டிவிஷன், மின்வாரிய டிவிஷன் மாதிரி ஏதோ ஓர் ஆபீஸ் என்று நினைத்துக்கொள்வார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேர் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன், மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. துப்பாக்கி ஏந்திய நான்கு கம்பெனிகளும், மோர்ட்டார் முதலிய கனத்த ஆயுதங்களை வைத்திருக்கும் இன்னொரு கம்பெனியும் சேர்ந்தால் பட்டாலியன். எண்ணூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அதன் தலைவரான கர்னல்தான் எங்களுக்கெல்லாம் ‘சி.ஓ. சாப்’. மூன்று பட்டாலியன் சேர்ந்தால் பிரிகேடு, மூன்று பிரிகேடு சேர்ந்தால் டிவிஷன். எல்லாப் புத்தகத்திலும் இந்த மூன்று மூன்றான கணக்கு இருக்கும்.

அந்தக் கணக்கில் வராதவர்களைத்தான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். பீரங்கி ரெஜிமெண்டுகள், பாலம் போட்டுக் கண்ணிவெடி அகற்றும் சாப்பர்கள், கம்பி இழுத்துத் தகவல் கொடுக்கும் சிக்னல்காரர்கள், காயம்பட்டவனைத் தூக்கி வரும் ஃபீல்டு ஆம்புலன்ஸ், வண்டி ரிப்பேர் பார்க்கும் இ.எம்.இ., குண்டும் துணியும் கொடுக்கும் ஆர்ட்னன்ஸ், மிலிட்டரி போலீஸ், தபால்காரர்கள், அப்புறம் எங்கள் ஏ.எஸ்.சி. பட்டாலியன். எல்லாரையும் கூட்டினால் 15,000 முதல் 18,000 பேர் வரும். இத்தனை பேரும் ஒரே மேஜர் ஜெனரலின் கீழ் இருப்பதால்தான் ஒரு டிவிஷன் வெளியே யாரிடமும் கை நீட்டாமல் பல நாள் தனியாக நின்று சண்டை போட முடிகிறது. இந்த ஏற்பாடு 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ராணுவத்தில் உருவாகி, நெப்போலியன் காலத்தில் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இந்தியாவில் 1903-க்குப் பிறகு கிச்சனர்தான் சிதறிக் கிடந்த ராணுவத்தை ஒன்பது டிவிஷன்களாக அடுக்கினார்.

ஒரு ஆளுக்கு நாளைக்கு அரைக் கிலோ தானியம் என்று வைத்தாலும் 16,000 பேருக்கு எட்டு டன். அது ஒருநாள் கணக்கு, தானியம் மட்டும். பருப்பு, எண்ணெய், காய்கறி, சர்க்கரை, தேயிலை, மண்ணெண்ணெய் எல்லாம் தனி. மலை உச்சியில் இருக்கும் போஸ்ட்டுக்கு லாரி போகாது. ரோடு முடிகிற இடம் வரை லாரி, அங்கிருந்து கச்சர் என்கிற கோவேறு கழுதை, அதுவும் ஏற முடியாத இடத்துக்கு மனிதன் முதுகு. போரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த எட்டு டன்னை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பட்டாளம் சப்ளையில்தான் நகரும் என்ற பாடம் ஒருகாலத்தில் நன்றாகவே தெரிந்திருந்தது. பாராமகால் என்று பெயர் பெற்ற இந்தப் பூமி மைசூருக்கும் மதராசுக்கும் நடுவே கிடந்ததால் பட்டாளங்கள் மிதிக்காத தலைமுறை இல்லை. 1791 நவம்பரில் கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மேலே ஏற முடியாமல் திரும்பிப்போனது. மறுவருஷ உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனியின் கைக்குப் போனது. 1799-ல் ஜெனரல் ஹாரிஸ் வேலூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் படை நடத்தியபோது ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் எல்லையைத் தாண்டினார். அந்தப் படையோடு போன பொதிமாடுகளும் வண்டிமாடுகளும் சிப்பாய்களை விடப் பல மடங்கு. மைசூர் அரசர்கள் பீரங்கி இழுப்பதற்கென்றே ஒரு மாட்டு இனத்தை வளர்த்தார்கள். அதற்கு அமிர்த மகால் என்று பெயர் வைத்தவர் திப்பு. மாடு வாங்குகிறவனும் விற்கிறவனும் இல்லாமல் அன்றைக்கு ஒரு படையும் நகர்ந்ததில்லை.

1942-க்கு வருகிறேன். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். மதராஸ் நகரம் காலியாகத் தொடங்கியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. ஹைகோர்ட்டே கோயம்புத்தூருக்குப் போனது. அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். மதராசிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்களையும், ரோட்டில் ஓயாமல் போன ராணுவ லாரிகளையும் பற்றி எங்கள் பாட்டி சொல்வார். லாரி வரிசை வரும்போது மாடுகள் மிரளும். ரோட்டோரப் புளியமரங்களில் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் புழுதி அடங்கும்வரை நின்றுகொண்டிருப்பார்களாம். அந்த லாரிகள் எந்தப் பட்டாளத்துடையவை என்று பாட்டிக்கு என்ன தெரியும்? எனக்கும் தெரியாது. ஆனால் அந்த வருஷம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பெங்களூரில் 25-வது இந்திய டிவிஷன் பிறந்தது உறுதியான செய்தி. ஜப்பான்காரன் தென்னிந்தியக் கரையில் இறங்கினால் எதிர்க்க வேண்டும் என்பது அதற்கு இட்ட வேலை. தலைவர் மேஜர் ஜெனரல் டேவிஸ். குறி, பச்சைத் துணியில் கறுப்பு இஸ்பேட் ஆஸ்.

அது பிறந்து ஏழு நாள் கழித்து, ஆகஸ்ட் 8-ஆம் தேதி, பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. அதற்கு மூன்று மாதம் முன்னால், எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, ஜப்பானை எதிர்க்க ஒரு தேசிய அரசு வேண்டும், அதற்காக முஸ்லிம் லீகோடு சமரசம் செய்யலாம் என்று சொல்லி, காங்கிரஸ் காரியக் கமிட்டியை விட்டே விலகியிருந்தார். ஒரே மண்ணில் ஒரே வருஷத்தில் எத்தனை விதமான நியாயங்கள்! வெள்ளைக்காரன் போகவேண்டும் என்று சிறைக்குப் போனவனும் சரி, ஜப்பான்காரன் வரக்கூடாது என்று உடுப்பு மாட்டியவனும் சரி, இரண்டு பேருமே இந்த நாட்டுக்காகத்தான் போனார்கள் என்று நான் நம்புகிறேன். ஒருவரை நினைக்க மற்றவரை மறக்கவேண்டியதில்லை. நாம் ஒரு பக்கத்தை மறந்துவிட்டோம்.

அந்த டிவிஷனின் பட்டியலைப் பார்த்தால் அன்றைய அரசியல் முழுக்க அதில் தெரியும். 51, 53, 74 என்று மூன்று பிரிகேடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பட்டாலியன், இரண்டு இந்தியப் பட்டாலியன். இரண்டு யார்க் அண்டு லங்காஸ்டர் பட்டாலியன்கள், ஒரு ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பட்டாலியன் பிரிட்டனிலிருந்து வந்தவை. பலூச் இரண்டு, ஹைதராபாத், மராட்டா, கட்வால், கூர்க்கா ஒவ்வொன்று. 1857 எழுச்சிக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களை மட்டும் தனியாக விடக்கூடாது என்று வகுத்த ஏற்பாட்டின் மிச்சம் இது. இன்னொன்றும் கவனியுங்கள். தென்னாட்டைக் காக்கத் தென்னாட்டில் திரட்டிய டிவிஷனின் ஒன்பது காலாட்படைப் பட்டாலியன்களில் மதராஸ் என்ற பெயர் தாங்கியது ஒன்றுகூட இல்லை. தென்னிந்தியன் சண்டைக்கு லாயக்கில்லாதவன், வடமேற்கு இனங்களே போர் இனங்கள் என்று முடிவுகட்டி, பழைய மதராஸ் பட்டாலியன்களை ஒவ்வொன்றாகக் கலைத்து வந்திருந்தார்கள். சாப்பர்களை மட்டும் விட்டுவைத்தார்கள். உலகப்போர் வந்து ஆள் போதாமல் போன பிறகுதான் மதராஸ் ரெஜிமெண்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை.

ஜப்பான்காரன் தென்னிந்தியக் கரைக்கு வரவில்லை. காவல் இருக்கப் பிறந்த டிவிஷன் காட்டுச் சண்டை கற்றுக்கொண்டு, 1944 தொடக்கத்தில் பர்மாவின் அரக்கான் கரைக்குப் போனது. அங்கே மௌங்டாவுக்கும் புத்திடௌங்குக்கும் நடுவில் மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள் உள்ள ஒரு ரோடு. அதைச் சுற்றியுள்ள குன்றுகளுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். இம்பாலைக் காப்பாற்ற 5-வது இந்திய டிவிஷனை விமானத்தில் அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனபோது, அது விட்டுப்போன இடத்தை நிரப்பியது நம் 25. அந்த மழைக்காலம் முழுக்க அரக்கானிலேயே கிடந்தார்கள். கொசு, அட்டை, சேறு. வருஷக் கடைசியில் மாயூ தீபகற்பத்தின் முனை வரை இறங்கிவிட்டார்கள். 1945 ஜனவரி 3-ஆம் தேதி அக்யாப் தீவு. அதைப் பிடிக்கக் கப்பல், விமானம், பீரங்கி என்று பெரிய தாக்குதலே தயாராக இருந்தது. மேலே பறந்து பார்த்த ஒரு பீரங்கிப் படை அதிகாரி, ஜனங்கள் கீழே நின்று கையாட்டுவதைக் கண்டு இறங்கிப்போய் விசாரித்தார். ஜப்பான்காரர்கள் முன்பே போய்விட்டிருந்தார்கள்.

காங்கா அப்படி லேசாகக் கிடைக்கவில்லை. அரக்கான் கரையில் ஜப்பானியர் பின்வாங்க இருந்த ஒரே ரோட்டின் கழுத்து அது. ஜனவரி 22-ஆம் தேதி கமாண்டோக்கள் உப்பங்கழிகள் வழியாகப் படகில் போய் இறங்கினார்கள். இந்தியக் கடற்படையின் நர்மதா, ஜம்னா கப்பல்கள் பீரங்கி அடித்துக் கொடுத்தன. பின்னால் 51-வது பிரிகேடு இறங்கியது. அதற்குள் அந்தப் பிரிகேடில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. வெள்ளைக்காரப் பட்டாலியன் போய், அந்த இடத்துக்கு 2-வது பஞ்சாப் ரெஜிமெண்டின் 2-வது பட்டாலியன் வந்திருந்தது. மூன்று பட்டாலியனும் இந்தியப் பட்டாலியன்கள் ஆகிவிட்டன. மூன்றுக்கும் தலைவர்கள் இந்தியர்கள். ஹைதராபாத் பட்டாலியனுக்குக் குடகுக்காரர் திம்மய்யா. பஞ்சாப் பட்டாலியனுக்கு மராட்டியர் தோரட். பலூச் பட்டாலியனுக்கு வங்காளி எல்.பி. சென். பிரிகேடியர் ஹட்டன் மட்டும் ஆங்கிலேயர்.

இந்திய அதிகாரியின் கீழ் ஒரு பட்டாலியன் நிற்குமா, ஓடுமா என்று அன்றைக்கு வெளிப்படையாகவே சந்தேகப்பட்டார்கள். காங்காவில் அதற்குப் பதில் கிடைத்தது. நாள்கணக்கில் கைக்குக் கை சண்டை. நெல்வயல்களும் சின்னச் சின்னக் குன்றுகளும்தான் போர்க்களம். கடைசியில் ரோடு அடைபட்டது. மூன்று பட்டாலியன் தலைவர்களுக்கும் டி.எஸ்.ஓ. விருது. மார்ச் மாதம் தமண்டு பக்கத்தில் இதே டிவிஷனின் கூர்க்கா சிப்பாய் பான்பக்த குருங் தனியாளாகப் பதுங்குகுழி பதுங்குகுழியாகப் பிடித்து விக்டோரியா கிராஸ் பெற்றார். இந்தியாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டரை வருஷம் முன்னால், இந்திய ராணுவத்தை இந்தியர்களே நடத்த முடியும் என்று நிரூபித்த இடங்களில் ஒன்று அந்தச் சேற்றுக் கரை. அதை நிரூபித்த பட்டாளத்தின் பிறந்த ஊர் பெங்களூர்.

அதன் பிறகு டிவிஷன் தென்னிந்தியாவுக்கே திரும்பி வந்தது. மலாயாவில் இறங்கப் பயிற்சி. இறங்குவதற்குள் ஜப்பான் சரணடைந்துவிட்டது. ஆனாலும் திட்டப்படி 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி மோரிப் கடற்கரையில் இறங்கினார்கள். சுட யாரும் இல்லை, வண்டிகள்தான் சேற்றில் புதைந்தன. எதிர்ப்பு இருந்திருந்தால் அந்தக் கரையில் எத்தனை பேர் மாண்டிருப்பார்களோ என்று நினைத்தால் உடல் நடுங்குகிறது. கோலாலம்பூருக்குப் போனார்கள். அங்கே ரப்பர் தோட்டங்களில் நம் ஜனங்கள். சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள், நேதாஜியின் படையில் சேர்ந்து திரும்பிய இளைஞர்கள். தென்னாட்டைக் காக்கப் பிறந்த டிவிஷன் கடைசியில் தமிழர்களைச் சந்தித்தது அங்கேதான். 1946 தொடக்கத்தில் அதைக் கலைத்துவிட்டார்கள். நாலு வருஷம்கூட முழுதாக வாழவில்லை.

கலைத்த பிறகு நடந்ததுதான் பெரிய கதை. பாகப்பிரிவினையில் ரெஜிமெண்டுகளையும் பங்கு போட்டார்கள். பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. 1945-லேயே குமாவுன் ரெஜிமெண்ட் என்று பெயர் மாறியிருந்த ஹைதராபாத் ரெஜிமெண்ட் இந்தியாவுக்கு. பஞ்சாப் பட்டாலியனும் இந்தியாவுக்கு. காங்காவில் ஒரே பிரிகேடாக இருந்தவர்கள் எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆனார்கள். சுதந்திர இந்தியா 25 என்ற எண்ணுக்கும் இஸ்பேட் ஆஸ் குறிக்கும் மறுபடி உயிர் கொடுத்தபோது, அதற்குக் கிடைத்த இடம் ரஜௌரி. எதிரே பாகிஸ்தான். நான் ரேஷன் ஏற்றிய போஸ்ட்டுகளிலிருந்து பார்த்தால் அந்தப்பக்கத்து மேடுகளில் அவர்கள் காவல் நிற்பது தெரியும். அதில் பலூச் ரெஜிமெண்டைச் சேர்ந்தவனும் இருந்திருக்கலாம். அவனுடைய ரெஜிமெண்டும் என்னுடைய டிவிஷன் குறியும் ஒருகாலத்தில் ஒரே சட்டையில் இருந்தவை. அன்றைக்கு அது தெரிந்திருந்தால் அந்த மேட்டை நான் வேறு மாதிரி பார்த்திருப்பேன்.

ரஜௌரியில் என் வேலை சப்ளை பாயிண்ட்டில். நான் போன காலத்தில் சக்திமான் லாரிகள். பிறகு அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் கம்பெனியின் லாரி பீர்பாஞ்சால் மலையில் ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருக்கும். ராணுவத்தில் ‘மீட் ஆன் ஹூஃப்’ என்று ஒரு கணக்கு உண்டு, உயிரோடு வாங்கும் ஆடு. காண்ட்ராக்டர் ஓட்டிவருவார். எண்ணி, எடை பார்த்து, கால்நடை டாக்டர் பார்த்த பிறகு யூனிட்டுகளுக்குப் பிரித்து அனுப்பவேண்டும். ஜட்கா, ஹலால் இரண்டுக்கும் இடம் வேறு, கத்தி வேறு. எந்த யூனிட்டுக்கு எது என்று பதிவேட்டில் இருக்கும். ஒரு டிவிஷனுக்குள் எத்தனை வகை மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் அந்தப் பதிவேட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கப்பா ஆட்டு வியாபாரி. குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான் நான் வளர்ந்தேன். ஆட்டின் கீழ் உதட்டை விரலால் இறக்கிப் பல் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பிறகு கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். எலும்பு ரம்பம் மாதிரி கையில் உறுத்தினால் அந்த ஆட்டில் கறி இல்லை. விலை பேசுவது துண்டுக்கு அடியில். இரண்டு கையும் துண்டுக்குள் போகும், விரலைப் பிடித்துத்தான் ஆயிரமும் நூறும். வாய் பேசாது. சப்ளை பாயிண்ட்டில் எடைமெஷின் இருந்தாலும் என் கை தானாக ஆட்டின் முதுகுக்குப் போகும். எங்கள் சுபேதார் சாப், ஹரியானாக்காரர், ஒருநாள் நான் தள்ளி நிறுத்திய ஆடுகளை மெஷினில் ஏற்றிப் பார்த்தார். எல்லாமே எடை குறைவு. “எங்கே படிச்சே?” என்றார். “சந்தையில் சாப்” என்றேன். அன்றிலிருந்து ஆட்டுக்கணக்கு முழுக்க என் பொறுப்பு. பனியில் மேல் போஸ்ட்டில் நிற்பவனுக்குக் கறி சரியாகப் போய்ச் சேர்ந்த நாளில் எனக்குத் தூக்கம் நன்றாக வரும். நான் சுட்ட குண்டுகள் ரொம்பக் குறைவு. நான் அனுப்பிய சாப்பாட்டில் குறை வைத்ததில்லை.

இன்று சந்தை அதே வெள்ளிக்கிழமைதான். கர்நாடகாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். பக்ரீத், தீபாவளிக்கு முந்தின வாரங்களில் கோடிக்கணக்கில் வியாபாரம் என்று பேப்பரில் போடுகிறார்கள். துண்டு குறைந்து செல்போன் வந்துவிட்டது. புளியமரங்கள் போய் ஆறுவழிச் சாலை. ஏழாம் நம்பர் ரோடு 44 ஆகிவிட்டது. பக்கத்துக் குருபரப்பள்ளியில் சிப்காட், மேற்கே சூளகிரி, அதைத் தாண்டினால் ஓசூர் வரை கம்பெனிகள். தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. ஆகவே பட்டாளத்துக்கு மாடு கொடுத்த மண் இன்றைக்கு இரும்பும் மின்னணுவும் கொடுக்கத் தயாராகிறது. விடியற்காலை கம்பெனி பஸ்களில் ஏறும் பிள்ளைகளையும் பெண்களையும் பார்த்தால் எனக்குச் சந்தோஷமே. வேலை என்றால் பட்டாளத்துக்குத்தான் ஓடவேண்டும் என்ற நிலை எங்கள் காலத்தோடு போகட்டும்.

அப்படியும் சில பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போக ஆசைப்படுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவன் காலையில் சர்வீஸ் ரோட்டில் ஓடுகிறான். 2022-ல் வந்த அக்னிவீர் திட்டப்படி நாலு வருஷம், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். “நாலு வருஷத்துல என்ன தாத்தா செய்ய முடியும்?” என்று கேட்டான். 25-வது டிவிஷனுக்குக் கிடைத்தது அதற்கும் குறைவுதான் என்று ஆரம்பித்து, பெங்களூரிலிருந்து காங்கா வரை சொன்னேன். அதற்காக நாலு வருஷம் போதும் என்று நான் சொல்லமாட்டேன். உலகப்போரில் சேர்ந்தவனையும் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கூலிக்குப் போனார்கள். பையன்களைத் திருப்பி அனுப்பும்போது கையில் ஒரு வேலையோடு அனுப்பவேண்டும். இத்தனை கம்பெனிகள் உள்ள எங்கள் ஜில்லாவில் அது முடியாத காரியம் இல்லை.

அமைப்பும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலை 26-ஆம் தேதி திராஸில் ராணுவத் தளபதி ஜெனரல் உபேந்திர திவிவேதி, ருத்ரா பிரிகேடுகளைப் பற்றி அறிவித்தார். காலாட்படை, டாங்கி, பீரங்கி, ட்ரோன், சப்ளை எல்லாம் ஒரே பிரிகேடுக்குள். ஒரு டிவிஷன் செய்துவந்ததை அதைவிடச் சின்ன, வேகமான அமைப்பு செய்யவேண்டும் என்பது எண்ணம். நல்லதுதான். அந்தப் பிரிகேடுக்கும் தினம் ஆட்டா போகவேண்டும், அதற்கு ஆள் வேண்டும் என்பதை மட்டும் திட்டம் போடுகிறவர்கள் மறக்கக்கூடாது.

பையன் இன்னொன்றும் கேட்டான். “அந்த மூணு கர்னலும் அப்புறம் என்ன ஆனாங்க?”

சென் 1947 நவம்பர் 7-ஆம் தேதி ஸ்ரீநகருக்கு வெளியே ஷாலட்டெங்கில் பதான் படைகளை முறியடித்து நகரத்தைக் காப்பாற்றினார். திம்மய்யா 1948 நவம்பரில், பதினோராயிரம் அடிக்கு மேல் இருக்கும் சோஜி லா கணவாயில் டாங்கிகளை ஏற்றினார். அந்தக் கழுதைப் பாதையை டாங்கி போகும் அளவுக்கு அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் மேஜர் தங்கராஜுவும் அவருடைய மதராஸ் சாப்பர்களும். சண்டைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட தென்னாட்டான்தான் அங்கே வழி போட்டான். கொரியப் போர் முடிந்ததும் போர்க்கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் திம்மய்யா தலைவர், கைதிகளைக் காவல் காத்த இந்தியப் படைக்குத் தோரட் தலைவர். திம்மய்யா 1957-ல் ராணுவத் தளபதி ஆனார். கிழக்குப் பகுதித் தளபதியாக இருந்த தோரட், சீனா எப்படி வரும், எந்த வரிசையில் நின்று தடுக்கவேண்டும் என்று 1960-ல் படம் போட்டுக் காட்டினார். மேலே இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1961 மே மாதம் திம்மய்யாவும் தோரட்டும் ஓய்வு பெற்றார்கள். தோரட்டின் நாற்காலிக்கு வந்தவர் சென். அடுத்த வருஷம் சீனா வந்தது. சென்னின் கட்டளைப் பகுதியில் 4-வது டிவிஷன் உடைந்தது. நாற்பதுகளில் கெரெனிலும் காசினோவிலும் நின்ற டிவிஷன் அது. குளிர் உடுப்பு இல்லை, ரோடு இல்லை, மேலே போகவேண்டிய சாப்பாடு போகவில்லை. மூன்று வருஷம் கழித்து 1965-ல் அதே டிவிஷன் கேம்கரண் பக்கத்தில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தித் தன் பெயரை மீட்டுக்கொண்டது. அந்த வருஷம் டிசம்பரில் திம்மய்யா சைப்ரஸில், ஐ.நா. படைக்குத் தலைவராக இருக்கும்போதே இறந்துபோனார்.

மடிக்கேரியில் அவர் பிறந்து வளர்ந்த வீட்டை மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் திறந்து வைத்தார். எங்கள் ஊரிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாகப் பஸ்ஸில் ஒருநாள் பயணம். பையனுக்கு உடல் தேர்வு முடியட்டும், தேறினாலும் தேறாவிட்டாலும் அழைத்துப்போகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். “செலவை நாங்க பார்த்துக்கிறோம், நீங்க கூடப் போய்ட்டு வாங்க மாமா” என்றது அந்தப் பெண்.